ஒற்றைப்பனைக் கள்ளுக்கு எத்தனை புள்ளி?

பரீட்சை முடிந்த அன்று பின்னேரம் கன்ரீனில் பிளேன்ரியோடு இருந்தபோது எங்களில் ஒருவன் போனை நீட்டினான். நாலு வெள்ளைக்காரப் பெடியள் பெல்ஜியத்தில் சைக்கிளில் திரிந்து ஊர் ஊராகப் பியர் குடிக்கிற வீடியோ. ஒவ்வொரு இடத்திலும் காய்ச்சுகிறவரோடு கதைக்கிறார்கள், பீப்பாவைத் தட்டிப் பார்க்கிறார்கள், சின்னக் கிளாசில் ஊற்றி மணந்து பார்த்து ஒரு கொப்பியில் புள்ளி போடுகிறார்கள். "விடுமுறை எண்டா இதெல்லோ மச்சான்" என்றான். எங்களுக்கு விடுமுறை என்றால் வீட்டுக்குப் போய் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பது.

நாங்களும் போவோம் என்று கதை தொடங்கியது. எங்கே போவது? இலங்கையில் பியர் என்றால் பெரிய கொம்பனிகளின் பியர்தான். எங்கள் ஹற்றன் தோழி, நுவரெலியாவில் 1881 இல் தொடங்கின பழைய தொழிற்சாலைதான் இன்றைக்குப் பியகமவில் பெரிதாக நிற்கிறது என்று சொன்னாள். பியகம வரைக்கும் போனாலும் எங்களைக் கேற்றுக்குள் விடுவார்களா என்பது வேறு கதை. அதோடு வரிக்கு மேல் வரி ஏறி, இப்போது ஒரு பியர் ரின் வாங்குகிற காசுக்கு நாங்கள் இரண்டு நாள் மத்தியானம் சாப்பிடலாம்.

"பனைக்குக் கீழ இருந்துகொண்டு பியருக்கு ஏன் அழுறியள்?" என்றாள் மற்றத் தோழி. அவள் கோண்டாவில்காரி. பங்குனி மாதம், கள்ளுச் சீசன். குடாநாடு முழுக்கத் தவறணை. அதே இடத்தில் திட்டம் முடிவானது: இரண்டு ஸ்கூட்டி, ஒரு மோட்டச்சைக்கிள், ஐந்து பேர், ஒரு சீஆர் கொப்பி. நிறம், மணம், இனிப்பு, புளிப்பு, நுரை என்று ஐந்து நிரல், மொத்தம் பத்துப் புள்ளி. ஐந்து பேருக்கும் இருபத்தொரு வயது தாண்டிவிட்டது, அடையாள அட்டையும் கையில். ஓடுகிறவர்கள் ஒரு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. ஹற்றன் தோழி குடிக்கவே மாட்டாள். லயத்தில் அப்பாவின் குடியைப் பார்த்து வளர்ந்தவள், "உங்களுக்கு இது ரூர், எனக்கு அது வீடு" என்று முதலே சொல்லிவிட்டாள். ஆனால் புள்ளி எழுதுகிற வேலை தனக்குத்தான் வேண்டும் என்றாள்.

வடமராட்சி நண்பன் மட்டும், "வெயில் கூட, கசூரினாப் பக்கம் போவமே" என்றான். யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் தவறணை கம்பசுக்குக் கிட்ட. தகரக் கூரை, மணல் தரை, நீளவாங்கு. பிளாவில் கள்ளு வரும் என்று நாங்கள் நினைத்தது, பழைய கதைகளை வாசித்ததால் வந்த பிழை. பிளாஸ்ரிக் யக்கில் வந்தது. பைற்றுக்கு அவித்த கடலை. நாங்கள் உள்ளே கால் வைத்ததும் ஆட்கள் கதையை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தது எங்களை அல்ல, எங்கள் பின்னால் வந்த இருவரையும். முகாமையாளர் நல்ல மனிதர். எழுந்து வந்து, "தங்கச்சியவை, குறை நினையாதேங்கோ. மதுவரிக்காரர் கண்டால் எங்கட லைசென்சுக்குத்தான் பிரச்சினை" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். 1979 இல் வந்த மதுவரி அறிவித்தல் ஒன்று பெண்களுக்குத் தவறணையில் மதுபானம் விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை எடுத்தார். நாடே நாலு நாள் அதைப் பற்றிக் கதைத்தது. எடுத்த கையோடு, திரும்பப் பெறச் சொல்லிவிட்டார் ஜனாதிபதி. இதில் பகிடி என்னவென்றால், கோண்டாவில் தோழியின் வீட்டில் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கக் கள்ளு வாங்கிவர அனுப்புவது அவளுடைய அம்மம்மாதான். அப்பத்துக்கு என்றால் கள்ளு பெண்பிள்ளை. வாய்க்கு என்றால்தான் ஆம்பிளை.

அவர்கள் இருவரும் வெளியே வேம்புக்குக் கீழே நின்றார்கள். நாங்கள் போத்தலில் வாங்கிக்கொண்டு வந்தோம். வல்லை வெளியில் காற்று ஆளைத் தள்ள, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு கோண்டாவில் தோழி முதல் மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "புளிச்ச இளநி மாதிரி" என்றாள். அதை அப்படியே கொப்பியில் எழுதினோம். ஐந்தரைப் புள்ளி.

அதற்கு முதல், அச்சுவேலிப் பக்கம் நின்ற இடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். கள்ளு ஊற்றித் தந்த ஐயா அங்கால் போனபின், எங்களில் ஒருவன் சாதிப்பெயரைச் சொல்லி ஒரு பகிடி விட்டான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த பகிடி, இங்கே எழுத மாட்டோம். நாங்கள் சிரித்தோம். மலையகத்தாள் விளங்காமல் சிரித்தாள். வடமராட்சி நண்பனும் சிரித்தான். எங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தான் என்று இப்போது படுகிறது.

போன வருடம்தான் நாங்கள் ஐந்து பேரும் ஒரு குழுவாக அசைன்மென்ற் செய்தோம். 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம், தேநீர்க்கடைப் போராட்டங்கள், 1968 மாவிட்டபுரம் கோயில் நுழைவு எல்லாம் எழுதினோம். டானியலின் பஞ்சமரை அடிக்குறிப்பில் போட்டோம். நல்ல புள்ளி கிடைத்தது. அந்த அசைன்மென்றில் அதிகம் வேலை செய்தவனும் அவன்தான். அப்பா என்ன செய்கிறார் என்று முதலாம் வருடத்தில் யாரோ கேட்டபோது, "கூட்டுறவுச் சங்கத்தில" என்றான். ஏதோ கிளாக் வேலை என்று நாங்களாக முடிவெடுத்துக்கொண்டோம்.

நெல்லியடி தாண்டி ஒரு ஒழுங்கைக்குள் இன்னொரு தவறணை இருப்பதாக வழியில் ஒருவர் சொன்னார். "அங்க வேண்டாம், நல்லா இராது" என்றான் வடமராட்சி நண்பன். "நீ குடிச்சுப் பாத்தனியோ?" என்று கேட்டுக்கொண்டே ஒழுங்கைக்குள் திருப்பிவிட்டோம். அங்கே ஒரு யக் வந்து, மணந்து பார்த்து, நுரையைப் பற்றி நாங்கள் பெரிய விசயகாரர் மாதிரி விவாதித்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் வெடில் மணம். ஆறு என்றோம்.

அந்நேரம் சைக்கிளில் ஒருவர் வந்தார். கரியரில் பெரிய பிளாஸ்ரிக் கான். மெலிந்த ஆள், நெஞ்சிலும் முன்னங்கையிலும் மரம் உரசிக் கறுத்துத் தடித்த தழும்பு. கானை இறக்கி அளந்து கொடுத்து, துண்டில் ஒப்பம் வைத்துவிட்டுத் திரும்பினார். எங்கள் வாங்கைக் கண்டார். ஒரு கணம் நின்றார். எங்கள் நண்பன் கையில் கிளாசோடு எழும்பி நின்றான்.

"கம்பஸ் பிள்ளையளே?" என்று கேட்டார். பொதுவாக எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டார். ஓம் ஐயா என்றோம். "வெறும் வயித்தில குடியாதேங்கோ. வெயிலுக்க மோட்டச்சைக்கிள் ஓடுறதும் கவனம்." அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரைக்கும் நண்பன் இருக்கவில்லை.

பருத்தித்துறைக்குப் போய்க் கடற்கரையில் வடை தின்றுகொண்டிருந்தபோதுதான் சொன்னான். தட்டை வடையை இரண்டாக உடைத்து, கடலைப் பார்த்தபடி, "அது எங்கட அப்பா" என்றான்.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை யோசிக்கிறோம். அவன் பொய் சொன்னதில்லை. சீவல் தொழிலாளர் எல்லாரும் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர்தான், அப்பா கூட்டுறவுச் சங்கத்தில்தான் இருக்கிறார். அவனைத் தெரியாத ஆள் மாதிரி அப்பா போனதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "நான் கேக்கேல்லை. அவரா அப்பிடிச் செய்தவர். எனக்கு வெக்கமா இருக்குமெண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். பகிடி விட்டவன் தலை குனிந்து இருந்தான். அவன் ஒருவன்மேல் போட்டுவிட்டு மற்றவர்கள் தப்பமுடியாது. சிரித்தது எல்லாரும்.

அடுத்த நாள் தீவுப்பக்கம் போவதாகத்தான் திட்டம், பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு. அதை விட்டுவிட்டோம். இரவு குழுவில் நண்பனே எழுதினான்: "விடிய ஆறு மணிக்கு எங்கட வீட்ட வாங்கோ. அப்பா சொன்னவர்."

போனபோது அவர் மரத்தில் இருந்தார். காலில் தளநார், இடுப்பில் இயனக்கூடு, அதற்குள் பாளைக்கத்தி. கீழே நின்று அண்ணாந்து பார்க்க எங்களுக்குத்தான் தலை சுற்றியது. பாளையை முதலில் தட்டிப் பதப்படுத்திக் கட்டவேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் நுனியில் மெல்லிய சீவல். தடித்துச் சீவினால் பாளை வீண், சீவாமல் விட்டால் வாய் அடைத்துப் போகும். அதனால் காலையும் பின்னேரமும் ஏறத்தான் வேண்டும். காய்ச்சலுக்கும் லீவு இல்லை. பனையில் ஆணும் பெண்ணும் வேறு வேறு மரம், பாளையும் வேறு, இரண்டுக்கும் கைப்பக்குவம் வேறு என்றார். சண்டைக்காலத்தில் பங்கருக்கென்று தறித்த பனைகளைப் பற்றியும் சொன்னார். எந்தக் காணியில் எத்தனை மரம் நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், செத்த சொந்தக்காரரின் பெயர் சொல்வது மாதிரி.

வீடியோக்காரனுக்கு இங்கேதான் வாய் திறந்தது. பிரசல்சில் கன்ரியோன் என்று 1900 இல் தொடங்கிய ஒரு இடம் இருக்கிறது, அங்கே லாம்பிக் என்கிற பியருக்கு ஈஸ்ற் போடுவதில்லை, காய்ச்சினதை அகலத் தட்டில் இரவு முழுக்க ஆறவிட்டுக் காற்றில் இருக்கிற ஈஸ்ற்றே வந்து விழுந்து புளிக்க வைக்கும், குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்சுவார்கள், பிறகு மரப்பீப்பாவில் வருடக்கணக்காகக் கிடக்கும் என்று விளக்கினான். ஐயா பொறுமையாகக் கேட்டார். "இஞ்ச முட்டிக்குள்ள விழ முதலே தொடங்கிவிடும் தம்பி. ஈஸ்ற்றெண்டு நாங்கள் சொல்லுறேல்லை, பழைய முட்டியின்ர வாசம். வருசக் கணக்கு வேண்டாம், பின்னேரத்துக்கே புளிச்சிடும். நாளைக்கு வினாகிரி."

முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அதுதான் கருப்பநீர். ஹற்றன் தோழிக்கென்று அன்றைக்கு ஒரு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசித் தொங்கவிட்டிருந்தார். அவள் குடிப்பதில்லை என்று மகன் முதல் நாள் இரவே சொல்லியிருக்கிறான். அவள் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தாள். மிச்சத்தைக் காய்ச்சிப் பனங்கட்டியாகக் குட்டானில் ஊற்றித் தருகிறேன், ஊருக்குக் கொண்டுபோ பிள்ளை என்றார் அம்மா.

முற்றத்தில் பாய் போட்டு இருந்தோம். அம்மா எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். ஐயா தன்னுடைய அப்பு காலத்தைச் சொன்னார். தவறணை, சங்கம் எல்லாம் வராத காலம். ஊர்ப் பெரியவர்கள் பொழுதுபட இந்த முற்றத்துக்குத்தான் வருவார்களாம். "இதே இடத்தில குந்தியிருந்து வயிறு முட்டக் கள்ளுக் குடிப்பினம். விக்கல் எடுத்தாலும் தண்ணி மட்டும் எங்கட வீட்டில வாங்க மாட்டினம்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார், உண்மையாகவே அவருக்கு அது பகிடிதான் போல. எங்கள் கையில் தண்ணீர்க் கிளாஸ் இருந்தது. பகிடி விட்டவன் மடக்மடக்கென்று குடித்து முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். தாகமா என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.

பிறகு அவர் கொப்பியைக் கண்டுவிட்டார். என்னது என்று வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்து வாசித்தார். நேற்றைய கடைசி வரியில் விரலை வைத்து, "ஆறோ?" என்றார்.

நாங்கள் முழித்தோம். நண்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"அது மரத்தில பிழையில்லை, கானில பிழை. பத்து மரத்துக் கள்ளை ஒரு பிளாஸ்ரிக் கானுக்க கலந்து, வெயிலுக்க சைக்கிளில கொண்டு போனா வெடில் அடிக்கும்தானே? அதுக்கு ஆறு கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே எழும்பினார். கிணற்றடியில் தனியாக நிற்கிற ஒரு பனையைக் காட்டினார். அதன் கள்ளை வேறொன்றோடும் கலப்பதில்லை. ஒற்றைப்பனைக் கள்ளு. அதற்கென்று முந்தி காத்திருந்து வாங்குவார்களாம், இப்போது கேட்கிறவர் குறைவு. அந்த முட்டியை இறக்கிக்கொண்டு வந்தார். அம்மா குருத்தோலையில் ஐந்து பிளா கோலி வைத்திருந்தார். கடைசியில் பிளாவையும் கண்டோம்.

முதல் ஊற்றினது கோண்டாவில் தோழிக்கு. "நேற்று வெளியில நிண்ட பிள்ளை நீதானே" என்றார். அது முந்தின தவறணையில் நடந்தது, அவருக்கு எப்படித் தெரியும் என்று நண்பனைப் பார்த்தோம். அவன் இரவு எல்லாவற்றையும் வீட்டில் சொல்லியிருக்கிறான். பகிடியையும் சொன்னானா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

இனிப்பு முன்னால் வந்து, புளிப்பு பின்னால் மெல்ல வந்தது. ஓலையின் பச்சை மணமும் சேர்ந்து வந்தது. நிறம், நுரை என்று நிரலைப் பார்த்து எழுத யாருக்கும் மனம் வரவில்லை. நண்பன் பேனையை வாங்கி, தன் கையெழுத்தில் பத்து என்று போட்டான்.

ஐயா எட்டிப் பார்த்தார். "பத்துப் போடாத தம்பி. நேற்று ராத்திரி கொஞ்சம் வெக்கை. நாளைக்கு இதவிட நல்லா வரும். ஒன்பது போடு."