கிரவுண்டு யார் பேர்ல இருக்குது?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஃபோன் செய்தால் அப்பா முதலில் இங்கே மழையா என்று கேட்பார். பிறகு மகளின் சளி. அதற்கப்புறம் வழக்கமான கேள்வி: "அவனுக சம்பளம் போட்டுட்டானுகளா?"

அவர் கேட்பது ரெடிங் கால்பந்து அணியைப் பற்றி. அப்பாவுக்கு கால்பந்து தெரியாது. ஆஃப்சைடை மூன்று முறை விளக்கிப் பார்த்துவிட்டேன், "செரி விடு" என்று சொல்லிவிட்டார். ஆனால் கோவையில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து, அந்த ஆலை கைமாறி, மறுபடி கைமாறி, ஒரு தீபாவளிக்கு முன்னால் கேட்டை இழுத்துப் பூட்டியதைப் பார்த்தவர். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அதனால் சம்பளம் தாமதமாகும் இடம் எதுவானாலும், அது எந்த நாட்டில் இருந்தாலும், அவருக்குப் புரிந்துவிடும்.

2019 பிப்ரவரியில் இங்கே வந்தேன். ஊர் பெயரை 'ரீடிங்' என்று படித்து, ஹீத்ரோவில் டாக்ஸிக்காரரிடம் அப்படியே சொல்லி, அவர் திருத்திய கதை இங்கே வந்த எல்லா சாஃப்ட்வேர்காரர்களிடமும் இருக்கும். எம்4 நெடுஞ்சாலை ஓரம், கிரீன் பார்க் என்ற அலுவலக வளாகத்தில் வேலை. ஜன்னலுக்கு வெளியே பெரிய காற்றாலை ஒன்று, அதைத் தாண்டி ஸ்டேடியம். 24,000 பேர் உட்காரலாம். பழைய குப்பைமேட்டின் மேல் கட்டியது என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருவர் மிச்சமிருந்த டிக்கெட்டைக் கொடுத்ததால் போனேன். என்ன ஸ்கோர் என்று இப்போது நினைவில்லை. குளிர் நினைவிருக்கிறது. நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சட்டைகள், பக்கத்து சீட்டில் எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர். அவர் தொண்ணூறு நிமிஷமும் திட்டிக்கொண்டே இருந்துவிட்டு, முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் வருவாய்தானே?" என்றார். இந்த ஊரில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். அடுத்த சீசனிலிருந்து அந்த சீட் எனக்கு.

நண்பர்கள் சிரிப்பார்கள். ஒரு மணி நேர ரயிலில் லண்டன் இருக்கிறது, அங்கே ஆர்சனல் இருக்கிறது, செல்சி இருக்கிறது, இதைப் போய் பார்க்கிறாயே என்று. என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் இரண்டு வருஷத்துக்கொருமுறை கம்பெனி மாறுகிறவன். விசுவாசம் என்ற சொல்லை ஹெச்.ஆர். மட்டும்தான் பயன்படுத்துவார் என்று நம்புகிறவன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏன் நகரவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

ரெடிங் சின்ன கிளப் என்றும் சொல்ல முடியாது. 1871இல் தொடங்கியது. 2005–06 சீசனில் இரண்டாம் அடுக்கில் 106 புள்ளிகள் எடுத்தார்கள், அது இன்றும் அந்த அடுக்கின் சாதனை. அடுத்த வருஷம் பிரீமியர் லீக்கில் எட்டாவது இடம். 'பிஸ்கட்மேன்' என்பது அவர்களின் பழைய பட்டப்பெயர். ஹண்ட்லி அண்ட் பாமர்ஸ் பிஸ்கட் தொழிற்சாலை இந்த ஊரில்தான் இருந்தது. பக்கத்து சீட் பெரியவர் பதினாறு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்து, 1976இல் மூடும்வரை இருந்தவர். இதை அப்பாவிடம் சொன்னபோதுதான் அவருக்கு முதல்முறையாக இந்த விஷயத்தில் ஆர்வம் வந்தது. "பிஸ்கட் மில்லா? எத்தன பேரு வேல பாத்தாங்க? மூடறப்ப காசு குடுத்தானா?"

2017இல் தாய் யோங்கே என்ற சீனத் தொழிலதிபர் கிளப்பை வாங்கினார். முதலில் கஞ்சத்தனம் எதுவும் இல்லை. பிரச்சினையே அதற்கு நேரெதிர். ஒரு கட்டத்தில் கிளப்பின் வருமானத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சம்பளத்துக்கு மட்டும் போனது. பிரீமியர் லீக்குக்கு ஏறிவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்ற கணக்கு. இங்கே பல முதலாளிகள் ஆடும் சூதாட்டம்தான். ஏறவில்லை. நஷ்ட வரம்பை மீறியதற்காக 2021 நவம்பரில் 6 புள்ளிகளை வெட்டினார்கள். 2023 ஏப்ரலில் இன்னொரு 6.

அந்த இரண்டாவது 6தான் எங்களை இறக்கியது. 2023 மே 4, வியாழக்கிழமை. அன்று எங்களுக்கு ஆட்டமே இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டு அணி ஷெஃபீல்டு யுனைடெட்டை 1–0 என்று ஜெயித்தது, நாங்கள் சோஃபாவில் உட்கார்ந்தபடியே மூன்றாம் அடுக்குக்கு இறங்கினோம். 21 வருஷத்தில் முதல்முறை. சீசன் முடிந்தபோது எங்களிடம் 44 புள்ளிகள், எங்களுக்கு மேலே தப்பித்த கார்டிஃபிடம் 49. வெட்டாமல் விட்டிருந்தால் எங்களுக்கு 50. மைதானத்தில் ஆடியவர்கள் ஒரு புள்ளி வித்தியாசத்தில் தப்பித்திருந்தார்கள், கணக்குப் பிள்ளைகள் தோற்றிருந்தார்கள். அதே மாதம் 27ஆம் தேதி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் புத்தம்புது ரயில் நிலையம் திறந்தார்கள். இத்தனை வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோது வராத ஸ்டேஷன்.

அந்தக் கோடையில்தான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். வரித்துறை கிளப்பைக் கலைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தது. நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு. கிரவுண்டு யார் பேர்ல இருக்குது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். கிளப் தன் ஸ்டேடியத்தைச் சில வருஷங்களுக்கு முன் ஓனரின் இன்னொரு கம்பெனிக்கே விற்றிருந்தது. டெர்பியும் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயும் செய்ததும் இதேதான். கணக்கில் ஒரு வருஷம் லாபம் காட்டுவதற்கான வழி. அடுத்த ஞாயிறு அப்பாவிடம் சொன்னேன். அவர் பக்கம் சத்தமே இல்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"எங்க மில்லுலயும் அப்பிடித்தான் பண்ணுனாங்க" என்றார். "மெஷின் ஒரு கம்பெனி, நெலம் ஒரு கம்பெனி. நாங்க மெஷின் கம்பெனி ஆளுங்க."

முப்பது வயது தாண்டி, எம்.என்.சி.யில் வேலை பார்த்து, ஒரு தேநீர் நேரத்தில் பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்தவன் நான். என் வீட்டில் ஏன் அந்த வருஷம் தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லை என்பதன் முழுக் காரணத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

2023–24 சீசன் தொடங்கியது. சம்பளம் தாமதமானதற்கு 1 புள்ளி போனது. சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டி வைக்கச் சொன்னதை ஓனர் செய்யாததற்கு 3. பெல்ஜியத்தில் ரூசலாரே, சீனாவில் பெய்ஜிங் ரென்ஹே என்று அவர் கையில் இருந்த மற்ற இரண்டு கிளப்புகளும் அதற்குள் இல்லாமலே போயிருந்தன. ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். நானும் இரண்டு வீசினேன். மஞ்சள் பந்துகள் புல்லில் துள்ளி உருளும்போது அழகாக இருக்கும், சொல்லக் கூடாது, ஆனால் அந்த சீசனில் நான் பார்த்த அழகான விஷயம் அதுதான்.

இதே நேரத்தில் எங்கள் கம்பெனியும் கைமாறியது. அக்டோபரில் ஒரு வீடியோ கால், 'உற்சாகமான அடுத்த அத்தியாயம்' என்று ஆரம்பித்தார்கள். நவம்பரில் வேலை போகக்கூடியவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. என் விசாவுக்கு வேலை போனால் 60 நாள், அதற்குள் புது ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஐந்து வருஷம் முடிந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். எனக்கு ஐந்து வருஷம் முடிவது 2024 பிப்ரவரி. மகள் அப்போதுதான் ஸ்கூலில் சேர்ந்திருந்தாள். "மூணு மாசம் மூச்சு விடாம இருங்க போதும்" என்றாள் என் மனைவி.

2024 ஜனவரி 13, சனிக்கிழமை, போர்ட் வேல் அணியுடன் ஆட்டம். 16ஆவது நிமிஷத்தில் என்னவோ நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஓனர் காலத்தில் அதுவரை போன புள்ளிகளும் 16தான். கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு பையன் தடுப்பைத் தாண்டினான். பிறகு பத்துப் பேர். பிறகு எண்ண முடியவில்லை. பல நூறு பேர் நடுமைதானத்தை நோக்கி நடந்தார்கள். ஓடினார்கள் என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேர் நடந்துதான் போனார்கள்.

பக்கத்து சீட் பெரியவர் எழுந்தார். கோட்டைக் கழற்றினார். அந்தக் குளிரில் ஏன் கழற்றினார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, வேலைக்கு இறங்குகிறவர் மாதிரி கழற்றினார். "வா" என்றார்.

மைதானத்துக்குள் அனுமதியில்லாமல் காலை வைப்பது இங்கே சட்டப்படி குற்றம், 1991இலிருந்து. நான் அடுத்த மாதம் நிரப்ப வேண்டிய படிவத்தில் குற்றம் பற்றி ஒரு பக்கமே இருக்கிறது. என் தலைக்குள் அந்தப் பக்கம் திறந்தது. "என்னால முடியாது, விசா" என்றேன். அவர் ஒரு கணம் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. கோட்டை என் மடியில் போட்டார். "அப்போ இதைப் பிடி."

படிகளில் ஒவ்வொன்றாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கீழே ஒரு ஸ்டூவர்ட் பெண் நின்றிருந்தாள். தடுக்கவில்லை, அவருக்குக் கை கொடுத்தாள். ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விட்டார்கள். இவர் நடு வட்டத்தில் போய் மற்றவர்களோடு உட்கார்ந்தார். ஆட்டம் திரும்பத் தொடங்கவே இல்லை, கைவிட்டுவிட்டதாக அறிவித்தார்கள். அதுவரை நான் மேலே, மடியில் ஈரக் கம்பளி வாசனை வரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

மில் பூட்டிய மறுநாள் கேட்டுக்கு முன்னால் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். அப்பா போகவில்லை. அம்மா பல வருஷம் கழித்து எப்போதோ சொன்ன விஷயம் இது. பக்கத்து மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாராம், கேட்டில் உட்கார்ந்தவன் என்று தெரிந்தால் எடுக்க மாட்டார்களாம். நான் அதை வைத்து காலேஜ் காலத்தில் அவரைக் குத்திப் பேசியிருக்கிறேன். அரசியல் படித்துக்கொண்டிருந்த திமிர்.

பெரியவர் பின்னர் வரிசையில் எல்லோரிடமும், "இவனும்தான் இருந்தான், கோட்டையெல்லாம் பார்த்துக்கொண்டான்" என்று சொல்வார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். எனக்கு ஒவ்வொரு முறையும் முகம் சுடும்.

வேலை தப்பித்தது. என் பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. நிரந்தர அனுமதியும் வந்தது. பிப்ரவரியில் வரி பாக்கிக்காக கிளப்புக்கு இன்னொரு 2 புள்ளிகள் போயின, மொத்தம் 18. மார்ச்சில் பயிற்சி மைதானமான பேர்வுட் பார்க்கைப் பக்கத்து ஊர் வைக்கம்ப் அணிக்கு விற்கப்போவதாகச் செய்தி. "பாத்தியா, நெலத்துல கைய வெச்சுட்டான்" என்றார் அப்பா, ஜோசியம் பலித்தவர் போல. ரசிகர்கள் கொதித்தார்கள், சில நாட்களில் வைக்கம்ப் விலகிக்கொண்டது. அப்போது வைக்கம்பின் முதலாளி நியூ ஆர்லியன்ஸ் வக்கீல் ராப் கூஹிக். பெயரை நினைவில் வையுங்கள்.

ஆண்கள் அணி 17ஆவது இடத்தில் தப்பித்தது. பெண்கள் அணிதான் தப்பவில்லை. ஒரு வருஷம் முன்புவரை நாட்டின் முதல் அடுக்கில் ஆடியவர்கள். 2024 கோடையில் பணமில்லை என்று இரண்டாம் அடுக்கிலிருந்து விலகி, ஐந்தாம் அடுக்குக்குப் போனார்கள். தோற்று இறங்கினால்கூடப் பரவாயில்லை, ஒரு பத்தியில் அறிக்கை விட்டு இறக்கினார்கள். என் மகளைக் கூட்டிக்கொண்டு போனதே அவர்கள் ஆட்டத்துக்குத்தான். "அந்த அக்காக்கள் எங்கே?" என்று கேட்டாள். எல்லோரும் ஆண்கள் அணியைக் காப்பாற்றுவது பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. டென்னிஸ் பந்து எதுவும் அவர்களுக்காக விழவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஏறக்குறைய காத்திருப்பு மட்டும்தான். வைக்கம்பைக் கைமாற்றிவிட்டு, அதே கூஹிக் ரெடிங்கையே வாங்க வந்தார். செப்டம்பரில் பேரம் முறிந்தது, வழக்கு வந்தது. நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள், கோல் அடித்துக்கொண்டிருந்த சாம் ஸ்மித் ஜனவரியில் ரெக்ஸமுக்குப் போனார். மேனேஜர் ஹல்லுக்குப் போனார். மிச்சமிருந்த சின்னப் பையன்களோ ஏழாவது இடத்தில் முடித்தார்கள், பிளே-ஆஃபுக்கு ஓர் இடம் குறைவு. இதை எப்படிச் செய்தார்கள் என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. லீக் நிர்வாகம் கடைசியில் ஓனராக இருக்கும் தகுதியே அவருக்கு இல்லை என்று அறிவித்து, விற்றுவிட்டுப் போகச் சொல்லிக் கெடு வைத்தது. கெடு ஒரு முறை நீண்டது. சாஃப்ட்வேரில் டெட்லைன் நீள்வதற்கு நான் பழகியவன், அப்படியும் தூக்கம் வரவில்லை.

2025 மே 14, புதன்கிழமை. மீட்டிங்கில் இருந்தேன். பெரியவரிடமிருந்து மெசேஜ். அவர் மெசேஜ் அனுப்பினால் கடிதம் மாதிரி முழுப் பெயரையும் கீழே போடுவார். அன்று பெயர் இல்லை, "முடிந்தது" என்று ஒரே சொல். கூஹிக்கின் கம்பெனி வாங்கிவிட்டது. நம் பயிற்சி மைதானத்தை ஒரு வருஷம் முன்னால் எடுத்துக்கொண்டு போகப் பார்த்த அதே ஆளுக்காக அன்று கார் ஹார்ன்கள் அடித்தன.

ஊரில் அப்போது இரவு. அப்பா தூங்கியிருப்பார் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

"வித்தாச்சுங்கப்பா."

"யாருக்கு?"

"அமெரிக்கா வக்கீல் ஒருத்தருக்கு."

"வக்கீலா..." என்று இழுத்தார். "செரி, கிரவுண்டும் சேத்தியா?"

"சேத்திதாங்கப்பா. ஸ்டேடியம், பிராக்டிஸ் கிரவுண்டு, எல்லாம் சேத்திதான்."

எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. அம்மா யாரென்று கேட்டாள்.

"பத்தரத்த நீ பாத்தியா?" என்றார் அப்பா.