தேவதைகள் குடித்தது போக மிச்சத்துக்கு 97 மார்க்

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் கெங்கேரியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கம்பிபுரா. லாரிகளின் இரைச்சலைத் தவிர, நின்று பார்க்க ஒன்றுமில்லாத இடம். ஆனால் உலகத்து விஸ்கி ரசிகர்களுக்கு இந்தப் பக்கத்தை அடையாளம் காட்டியது ஓர் எண்: 97.

ஜிம் மரே என்ற ஆங்கிலேய விமர்சகர் வருடாவருடம் வெளியிட்டு வந்த 'விஸ்கி பைபிள்' புத்தகத்தின் 2010ம் ஆண்டுப் பதிப்பில், இங்குள்ள அம்ருத் ஆலையின் 'ஃப்யூஷன்' விஸ்கிக்கு நூற்றுக்கு 97 கிடைத்தது. உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்ற பட்டமும் கூடவே வந்தது. மணத்துக்கு 25, சுவைக்கு 25, விழுங்கிய பின் தங்கும் ருசிக்கு 25, எல்லாம் சேர்ந்து அமைந்திருக்கும் சமநிலைக்கு 25. பள்ளிக்கூட முழுப் பரீட்சை போலத்தான்.

இந்த 97ன் பெறுமதி புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய கதை தெரிய வேண்டும். 1948ல் ஜக்தலே குடும்பம் தொடங்கிய கம்பெனி அம்ருத். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவான மொலாஸஸிலிருந்து வடித்த சாராயத்தை ஆதாரமாகக் கொண்டது. ஐரோப்பியச் சட்டப்படி அதற்கு விஸ்கி என்ற பெயரே கிடையாது. இந்தப் பின்னணியில், வாற்கோதுமையை மட்டுமே கொண்டு தயாரித்த சிங்கிள் மால்ட்டை எடுத்துக்கொண்டு 2004 ஆகஸ்டில் நேராக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கே போனது அம்ருத். திருநெல்வேலிக்குப் போய் அல்வா விற்பது போன்ற துணிச்சல். அடுத்த ஆண்டு மரே கொடுத்தது 82. பிறகுதான் ஃப்யூஷனும் 97ம். சொந்த நாட்டில் அம்ருத் சிங்கிள் மால்ட் விற்பனைக்கு வந்ததோ 2010ல். வெளியூர்க்காரன் மார்க் போட்டால்தான் நம் பிள்ளை கெட்டிக்காரன் என்பது நமக்குப் புதிதல்ல.

மார்க் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? விஸ்கி பாட்டிலில் இன்னோர் எண் உண்டு. 12, 18, 25 என்று வயதைச் சொல்லும் எண். வயது ஏற ஏற விலையும் மரியாதையும் ஏறும். இது ஸ்காட்லாந்தின் குளிருக்கு ஏற்ற கணக்கு. அங்கே பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். அதை 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். பெங்களூர் வெயிலில் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். வருடத்துக்கு 10 முதல் 12 சதவீதம் வரை போய்விடுகிறது. 200 லிட்டர் பீப்பாயை 12 வருடம் வைத்திருந்தால் ஸ்காட்லாந்தில் 155 லிட்டருக்கு மேல் மிஞ்சும். இங்கே 50 லிட்டர் மிஞ்சினால் அதிர்ஷ்டம். அதே வெயிலால்தான் மரத்தின் சாரமும் சீக்கிரம் இறங்குகிறது. நாலைந்து வருடத்திலேயே முதிர்ச்சி வந்துவிடும். 2013ல் எட்டு வயது விஸ்கி ஒன்றை வெளியிட்டபோது, 'பேராசைக்கார தேவதைகள்' என்று பொருள்படும் பெயரையே வைத்தது அம்ருத்.

வயதை மட்டும் பார்ப்பவருக்கு இந்திய விஸ்கி பச்சைக் குழந்தை. ருசித்துப் பார்த்து மார்க் போட்டவருக்கு அப்படியில்லை. பிறந்த ஊரையும் வயதையும் வைத்து எடை போடும் வழக்கத்தை உடைக்க அந்த எண் உதவியது. கோவாவின் பால் ஜான், ஹரியானாவின் இந்த்ரி என்று பின்னால் வந்தவர்களுக்கும் கதவு திறந்தது. மார்க்கின் உபயோகம் இது. குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் நண்பர் வீட்டில் அந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் அடி விழுந்தது. ரிட்டயர்டு என்ஜினியர். பென்ஷன் பணத்தில் வருடத்துக்கு ஒரே ஒரு நல்ல பாட்டில் வாங்குபவர். அதனால் மார்க்குகளைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார். "சார், கண்ணை மூடிக்கிட்டு மார்க் போடுங்க, பாக்கலாம்" என்று நான்கு கிளாஸ்களை நீட்டினார். முகர்ந்தேன், உறிஞ்சினேன், முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு எழுதினேன். முதல் கிளாஸுக்கு 84, மூன்றாவதுக்கு 77. இரண்டிலும் இருந்தது ஒரே விஸ்கி. நடுவில் நான் ஒரு மிளகாய் பஜ்ஜி தின்றிருந்தேன்.

எம்.ஏ. தமிழ் படித்தபோது என் இலக்கணத் தாளுக்கு 41 வந்தது. மறுமதிப்பீட்டில் அதே தாள் 58 ஆனது. தொல்காப்பியம் இடையில் மாறிவிடவில்லை. தேர்ந்த நாக்குக்கும் பஜ்ஜி தின்ற நாக்குக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் தேர்ந்த நாக்கும் ஒரு நாக்குதான். 97க்கும் 96க்கும் நடுவில் இருப்பதை அளக்கத் தராசு கிடையாது. நூற்றுக்கு என்கிறார்களே தவிர, நல்ல விஸ்கிகளெல்லாம் 80க்கு மேல்தான் நெருக்கியடித்து நிற்கின்றன. தவிர, ஒரு பீப்பாய் போல இன்னொன்று இருப்பதில்லை. விமர்சகர் திறந்த பாட்டிலும் நாம் வாங்குகிற பாட்டிலும் ஒரே பெயர் கொண்ட இரண்டு பேராகக்கூட இருக்கலாம்.

எனக்கு இதில் இன்னொரு சங்கடம். ஒரு முறை விஸ்கி வர்ணனைகளை மொழிபெயர்க்கும் வேலை வந்தது. மார்க்கில் சிரமமே இல்லை. 91 எந்த மொழியிலும் 91. வார்த்தைகளில்தான் மாட்டிக்கொண்டேன். ஸ்காட்லாந்து மலைச்சரிவில் பூக்கும் ஹெதர், பாட்டி செய்த கிறிஸ்துமஸ் புட்டிங், ஈரமான ட்வீட் கோட்டு. இவையெல்லாம் அந்த எழுத்தாளரின் பால்ய நினைவுகள். எனக்கோ ஃப்யூஷனை முகர்ந்தால், அதில் கலந்திருக்கும் ஸ்காட்லாந்து வாற்கோதுமையின் பீட் புகை, விறகடுப்பில் கருப்பட்டி காய்ச்சிய புகையாக வருகிறது. இரண்டு பேரும் ஒரே மார்க் போடலாம். ஆனால் குடித்தது ஒரே விஸ்கி இல்லை.

கிளம்பும்போது நண்பரிடம் கேட்டேன்: "இந்த வருஷம் எதை வாங்கப் போறீங்க?"

கத்தரித்து ஒட்டிய நோட்டைப் புரட்டினார். "90க்கு மேல இருக்கறதுல என் பென்ஷனுக்குக் கட்டுப்படியாகறது மூணுதான் சார். அதுவரைக்கும் இந்த நோட்டு போதும்" என்றார். "அந்த மூணுல எதுங்கறதை நான்தான் குடிச்சுப் பார்க்கணும்."

மரே உட்பட எந்த நிபுணரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. அவருக்கு நான் 97 போடுவேன். பஜ்ஜி தின்னாமல்.