மலையையும் விட்டுவைக்காத ஊர்

இலங்கையிலிருந்து உம்றாவுக்கு வந்த ஊர்க்காரத் தம்பி ஒருவர், மக்கா ஹரத்துக்கு எதிரே 601 மீட்டர் உயர்ந்து நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானா, இதுதான் முன்னேற்றம். நம்மட நாவுலயில ஒரு பழைய கல்ல அசைக்க ஏலுமா? உடனே தொல்பொருள்காரன் வந்து நிப்பான்." விருந்தாளி என்பதால் சும்மா இருந்தேன்.

அந்தக் கோபுரம் நிற்கும் இடத்தில் ஒரு மலை இருந்தது. அதன்மேல் உஸ்மானியர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அஜ்யாத் கோட்டை. 2002இல் கோட்டையை இடித்த சவூதி ஆட்சியாளர்கள் மலையையும் சேர்த்தே வழித்தெடுத்தார்கள். துருக்கி கத்திப் பார்த்தது, பலிக்கவில்லை. 1920களில் மதீனாவின் பகீஃ மையவாடியில் குவிமாடங்களை உடைத்தபோது, சனங்கள் கப்றுகளை வணங்கிவிடுவார்கள் என்றார்கள். ஏற்கிறவர் ஏற்கட்டும். கோட்டையை யார் வணங்கினார்? அங்கே இப்போது ஹோட்டல்களும் கடைத்தொகுதியும்தான்.

நாவுலயில் அசைக்க ஏலாதாம்! முழுக் கட்டடத்தையே அசைத்த ஊர் அது. மகாவலித் திட்டத்தில் போவத்தன்ன நீர்த்தேக்கத்தின் தண்ணீர் ஏறிவரும் என்றானதும், ஆயிரம் வருடப் பழமையான நாலந்த கெடிகேயைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் திரும்ப அடுக்கி, 1980இல் நிறுத்தினார்கள். பல்லவச் சாயல் கொண்ட பௌத்த ஆலயம். என் மார்க்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிற எங்கள் சனம் இறங்கிப் பார்ப்பதும் குறைவு. ஆனாலும் கடன்கார நாட்டுக்கு அந்தப் பொறுமை இருந்தது.

ரொம்பவும் தூக்கிப்பிடிக்க மாட்டேன். அதே வீதியில் இன்னும் மேலே போனால் தம்புள்ளை. 2012 ஏப்ரலில் பள்ளிவாசலை அகற்றச் சொல்லிக் கும்பல் புகுந்தது அங்கேதான். எங்கள் பொறுமைக்கும் ஆள் பார்த்துத்தான் அளவு.

மக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ் முழுவதும் இடிபட்டது என்றாலும் பொய். 647இல் கலீஃபா உஸ்மான் மக்காவின் துறைமுகமாக்கிய ஜித்தாவில், பலத் பகுதியின் பவளக்கல் வீடுகளையும் ரோஷன் மரஜன்னல்களையும் பார்த்துப் பார்த்துச் செப்பனிடுகிறார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அங்குள்ள நஸீஃப் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். ஒருகாலத்தில் ஊருக்கே அதுதான் மரம் என்பார்கள். வெள்ளி மாலைகளில் நான் போய் நிற்கும் இடம்.

ஹாஜிகள் கப்பலால் இறங்கிய ஊரைக் காக்கத் தெரிந்த அரசு, அவர்கள் தேடிப்போன ஊரை மட்டும் ஏன் புத்தம்புதிதாகவே கேட்கிறது? இங்குள்ளவர்களிடம் விசாரிக்கலாம்தான். ஆனால் இகாமா என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியவன் நான்.