கொடாப்பும் ஒரு புரதமும்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்றை ஒட்டி அமைந்த ஊர் கிணத்துக்கடவு. ஊரைக் கடந்தால் தென்னந்தோப்புகளும் தக்காளிக் காடுகளும் தொடங்கும். அவற்றினிடையே தோட்டத்துச் சாளைகள். சாளையின் வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும் மூங்கில் கூடையைக் கொங்கு நாட்டார் கொடாப்பு என்பர். அந்தி சாயும்போது தாய்க்கோழியும் குஞ்சுகளும் அதனுள் அடையும். தோப்பின் வருவாய் குடும்பக் கணக்கில் சேரும். கொடாப்பின் வருவாயோ வீட்டுப் பெண்களுடையது. முட்டை விற்ற காசில் பேத்திக்கு நோட்டு வாங்குவர். நோம்பிக்குச் சேவல் விற்ற பணத்தில் சேலை எடுப்பர்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாசி மாதத்தில், அப்படியொரு சாளையில் கோழிகள் இரை எடுக்காமல் ஒடுங்கின. கழிச்சல் வெள்ளையும் பச்சையுமாகப் போயிற்று. சிறகுகள் தொங்கின, ஒரு சேவலின் கழுத்து முறுக்கிக்கொண்டது.

“அம்மாயி, நேத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு?” என்றாள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பேத்தி.

“கழிச்சல் வந்துருச்சு கண்ணு. இனி ஒண்ணும் தங்காது.”

நான்கு நாள்களில் கொடாப்பு வெறுமையாயிற்று.

இந்நோய்க்கு நூல்களில் பல பெயர்கள். 1926ஆம் ஆண்டு ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட்டில் காணப்பட்டமையால், இந்தியாவில் அது இராணிக்கெட் நோய் ஆயிற்று. தமிழ்நாட்டு உழவர்கள் வைத்த பெயர் வெள்ளைக்கழிச்சல். நோயைக் கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர் என்பதால், மற்ற இரண்டைக் காட்டிலும் இதுவே பொருத்தமானது.

நோயை உண்டாக்கும் வைரஸ், கொழுப்பாலான ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. கோழியின் செல்லைச் சுற்றியும் அதே போன்ற சவ்வு உண்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ 5 நானோமீட்டர். நீரை நாடும் தலைகள் வெளிப்புறமாகவும் நீரை விலக்கும் வால்கள் உட்புறமாகவும் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அச்சவ்வை ஆக்குகின்றன. இத்தகைய சவ்வுகள் இரண்டு அருகருகே வந்தாலும் தாமாக எளிதில் ஒன்றாவதில்லை. தலைகளைப் பற்றியிருக்கும் நீர்ப்படலம் இடையில் நின்று தடுக்கும். அந்த நீரை வெளியேற்ற ஆற்றல் வேண்டும். தொட்டவுடன் சவ்வுகள் இணைந்துவிடுமாயின் உடலில் எந்தச் செல்லும் தனிச்செல்லாக நிலைத்திருக்க முடியாது.

அந்த ஆற்றலைச் சுமந்து வருவது வைரஸின் உறைமீது நிற்கும் இணைவுப் புரதம். மூன்று புரதத் துண்டங்கள் சேர்ந்து, வில் ஏற்றிய எலிப்பொறிபோல் காத்திருக்கின்றன. அருகிலுள்ள மற்றொரு புரதம் செல்லின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தைப் பற்றியதும் பொறி விடுபடுகிறது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக்கரண்டியை இறக்குவார்களல்லவா? அதுபோல் இணைவுப் புரதம் தன் நீரை விலக்கும் நுனியைச் செல்சவ்வுக்குள் செலுத்துகிறது. பின்னர் மடக்குக்கத்திபோல் தன்மேல் தானே மடிகிறது. ஒரு முனை வைரஸின் உறையிலும் மறுமுனை செல்சவ்வில்லும் பதிந்திருப்பதால், மடியும்போது இரண்டும் நெருக்கி இழுக்கப்படுகின்றன. முதலில் வெளியடுக்குகள் கலக்கின்றன, பிறகு உள்ளடுக்குகள். சிறு துளையொன்று திறக்க, வைரஸின் மரபுப்பொருள் உள்ளே நுழைகிறது.

புரதத்தின் மடிப்புகள் மனம்போன போக்கில் அமைவன அல்ல. எந்தக் கோணங்களில் புரதச் சங்கிலி திரும்பலாம் என்பதை 1963இல் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோரும். எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும் உலக ஆய்வகங்கள் அதனை அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கின்றன.

சவ்வுகளை இணைக்கும் தொழில் நோய்க்கிருமிக்கு மட்டும் உரியதன்று. இவ்வரியைப் படிக்கும்போதே மாணவரின் நரம்பு முனைகளில் நுண்பைகள் செல்சவ்வோடு இணைந்து வேதித்தூதுவரை வெளியிடுகின்றன. அங்கே நான்கு புரதச் சுருள்கள் பொள்ளாச்சித் தென்னைநார்க் கயிற்றின் புரிகள்போல் முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் இழுக்கின்றன. செல்லுக்குள் நுண்பைகள் இயங்கும் முறையை விளக்கியதற்காக ராத்மன், ஷெக்மன், சூதோஃப் ஆகியோர் 2013இல் நோபல் பரிசு பெற்றனர்.

அம்மாயியின் கோழிகளைக் கொன்ற வேறுபாடு மிகச் சிறியது. இணைவுப் புரதம் 553 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகிறது. 116ஆம் அமினோ அமிலத்துக்கும் 117ஆம் அமினோ அமிலத்துக்கும் இடையே கோழியின் நொதி ஒன்று அதனை வெட்டினால்தான் பொறியில் வில் ஏறும். சாதுவான வகைகளில் அவ்விடத்தை வெட்டவல்ல நொதி மூச்சுப்பாதை, குடல் போன்ற சில இடங்களில் மட்டுமே உண்டு; தொற்று அங்கேயே அடங்கிவிடும். கொடிய வகைகளிலோ வெட்டுமிடத்தருகே காரத்தன்மையுள்ள அமினோ அமிலங்கள் நெருங்கி நிற்கின்றன. உடலெங்கும் உள்ள நொதிகள் அதனை வெட்டும், மூளையும் தப்பாது. சேவலின் கழுத்து முறுக்கியது அதனால்தான்.

குஞ்சுகளின் கண்ணிலோ மூக்கிலோ முதல் வாரத்தில் சொட்டு மருந்தாக விடப்படும் லசோட்டா, சாதுவான வகையைச் சேர்ந்த உயிருள்ள வைரஸே ஆகும். எட்டு வாரம் ஆனபின் இறக்கையடியில் போடும் ஊசி சற்று வீரியம் மிக்கது. அதன் வெட்டுமிடம் கொடிய வகையை ஒத்திருப்பதால் இளங்குஞ்சுகளுக்கு அதனைப் போடுவதில்லை. ஓடித் திரியும் நாட்டுக்கோழிகளைப் பிடிப்பது எளிதன்று. ஆகவே தீவனத்தோடு கொடுக்கத்தக்க குருணை மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

ஆடியில் அம்மாயி மீண்டும் ஓர் அடைக்கோழி வாங்கினாள். பதினொரு குஞ்சுகள் பொரித்தன. எட்டு வாரம் கழிந்த பின் ஒரு சனிக்கிழமை, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லப் பேத்தி அவற்றைக் கூடையில் பிடித்து விட்டாள்.

“அந்த ஊசிக்குள்ளயும் கழிச்சல் கிருமிதான் இருக்குதுன்னு சொல்றயே கண்ணு, நெசமா?”

“நெசந்தானுங் அம்மாயி. ஆனா அது வீரியம் கொறச்ச கிருமி. இதுகளும் இப்பப் பெருசாயிருச்சுங்க, தாங்கிக்கும்.”

அம்மாயி சற்று நேரம் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குஞ்சுகளை மற்றொரு முறை எண்ணிவிட்டு, கூடையின் வாயைப் பழஞ்சேலைத் துணியால் கட்டினாள்.