ஐந்தாவது பங்கு

பங்குனி வெயில் ஏறத் தொடங்கி, தேர்வுகளும் முடிந்துவிட்டால் பாளையங்கோட்டைத் தெருக்களின் முகமே மாறிவிடும். நன்னாரிச் சர்பத்துக் கடைகளில் எலுமிச்சம் பழங்கள் குவியும். சைக்கிளில் கட்டிய பதநீர்க் குடத்தின் பின்னால் சிறுவர்கள் ஓடுவார்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றிய பதநீரில் மாங்காய்த் துண்டுகள் மிதக்கும். மொட்டை மாடிகளில் கூழ்வற்றல் காயும். அதைக் காக்கைகளிடமிருந்து காக்கும் பொறுப்பு விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளின் தலையில் விழும். அந்தப் பொறுப்பிலிருந்து தப்பி ஓடுவதே எங்கள் கோடைகாலத்தின் முதல் வீர விளையாட்டு.

1998-ஆம் ஆண்டுக் கோடையில் நாங்கள் ஐவரும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருந்தோம். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் கூடி, அந்த வாரத்துக்குரிய திட்டங்களைத் தீட்டுவோம். ஐவரில் ஒருவனுக்குக் 'காவல்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். நாங்கள் எங்கே போனாலும் மிதிவண்டிகளுக்குக் காவலாக வெளியிலேயே நின்றுகொள்வான். "நீங்க போயிட்டு வாங்கல, நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்" என்பான். அதை நாங்கள் அவனுடைய இயல்பு என்றே எடுத்துக்கொண்டோம். பட்டப்பெயர் வைத்தோமே தவிர, காரணத்தைக் கேட்கவில்லை.

ஆட்டத்தில் மட்டும் அவனே எங்களுக்குத் தலைவன். வ.உ.சி. மைதானத்துக்கு வெளியே இருந்த வெற்றிடத்தில் ரப்பர்ப் பந்தை வைத்துக்கொண்டு அவன் வீசும் வேகத்துக்கு எதிர்நிற்க எங்களில் எவனுக்கும் துணிவில்லை. பந்து தொலைந்துவிட்டால் புதுப்பந்துக்கு ஆளுக்கு இரண்டு ரூபாய் போட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதனால்தானோ என்னவோ, சாக்கடையில் விழுந்தாலும் முட்புதருக்குள் போனாலும் பந்தைத் தேடி எடுத்து வருகிறவன் எப்போதும் அவனாகவே இருந்தான். கைகளில் கீறலோடு திரும்பி வந்து, பந்தைச் சட்டையில் துடைத்து நீட்டுவான். நாங்கள் கைதட்டுவோம்.

அந்த ஏப்ரலில் கிரிக்கெட் ஒரு காய்ச்சலைப் போல ஊரெங்கும் பரவியிருந்தது. 22-ஆம் தேதி சார்ஜாவில் மணற்புயல் வீசி ஆட்டம் தடைபட்டு, மீண்டும் தொடங்கியபோது டெண்டுல்கர் 143 ஓட்டங்கள் எடுத்தார். அன்று இந்தியா தோற்றது. ஆயினும் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டது. 24-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, இறுதி ஆட்டம். அன்று டெண்டுல்கருக்கு 25-ஆவது பிறந்தநாள். அதே நாளில்தான் ஷங்கரின் 'ஜீன்ஸ்' திரைப்படமும் வெளிவந்தது. ஒரு பாடலுக்காக உலக அதிசயங்களையெல்லாம் சுற்றிவந்து படமெடுத்திருக்கிறார்கள் என்ற பேச்சு எங்களை உறங்கவிடவில்லை. திருநெல்வேலியைத் தாண்டாத எங்களுக்கு ஒரு சீட்டின் விலையில் உலகப் பயணம்! ஆட்டமா, படமா என்று வேப்பமரத்தடியில் வழக்கு நடந்தது. தீர்ப்பைக் 'காவல்' வழங்கினான். "நீங்க படம் பாருங்க. நான் எதுத்த டீக்கடையில ஆட்டத்தப் பாத்துக்கிட்டே வண்டியையும் பாத்துக்கிடுதேன். இடைவேளையில ஸ்கோர் சொல்லுதேன்."

இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? நாங்கள் நால்வரும் உள்ளே சீனப் பெருஞ்சுவரையும் தாஜ்மகாலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வெளியே நின்று, இடைவேளையில் கம்பிக் கதவின் இடுக்கு வழியாக ஓட்டக் கணக்கை ஒப்பித்தான். டெண்டுல்கர் 134 ஓட்டங்கள் எடுத்தார். ஆஸ்திரேலியாவை இந்தியா ஆறு விக்கெட்டுகளால் வென்றது. படம் முடிந்து வந்ததும் அல்வாக் கடைக்குப் போனோம். வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துக் கொடுத்த அல்வா, விரலில் ஒட்டாமல் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவன் வாங்கவில்லை. "இனிப்பு பல்லுக்கு ஆகாதுல" என்றான். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அல்வா ஆகாதாம் என்று சொல்லிச் சிரித்தோம். அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

மே மாதத்தில் பாபநாசம் போவதென்று முடிவாயிற்று. பேருந்துக் கட்டணம், காரையாறு அணையில் படகு, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 30 ரூபாய். முதல்நாள் மாலை, பணம் சேர்க்கும் வேளையில் அவன் வந்து, "பாட்டி வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகணும். நீங்க போயிட்டு வாங்க" என்றான். எங்களுக்குக் கோபம் வந்தது. பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தபோதெல்லாம் வராத கோபம், எங்கள் திட்டத்தில் ஓர் ஆள் குறைந்தபோது வந்தது.

நாங்கள் நால்வரும் போனோம். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வோர் ஊரிலும் பேருந்து நின்று நின்று போயிற்று. வயல்களும் வாழைத் தோட்டங்களும் பின்னோக்கி ஓட, பொதிகை மலை நீலமாக எழுந்து வந்தது. கோடையிலும் வற்றாத அகத்தியர் அருவியில் குளித்தோம். காரையாற்றில் படகேறி, 1992-இல் வந்த 'ரோஜா' படத்தில் கண்ட பாணதீர்த்த அருவியை நேரில் கண்டோம். ஆனால் பகலுணவுக்கு நேரமானபோது, கட்டுச்சோறு கொண்டுவர வேண்டியவன் எவன் என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. ஒருவனை நம்பி மற்றவன் கொண்டுவரவில்லை. வாழைப்பழமும் பன்னும் தின்று பசியாறினோம். "அவன் இருந்திருந்தா ஒழுங்கா ஏற்பாடு செஞ்சிருப்பான்" என்று ஒருவன் சொன்னான். "அவனுக்கு நம்ம கூட வரதுக்குக் கௌரவக் குறைச்சல்" என்றான் இன்னொருவன். அந்தச் சொல் எங்களுக்கு வசதியாக இருந்தது. ஆகவே எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டோம்.

அதன்பின் அவனை அழைப்பதை நிறுத்திவிட்டோம். எங்களுக்குள் சண்டை இல்லை, பேச்சு முறியவுமில்லை. 'கூப்பிட்டால் வரவா போகிறான்?' என்று விட்டுவிட்டோம். சூன் மாதம் நால்வரும் நான்கு கல்லூரிகளில் சேர்ந்தோம். அவன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். "ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே" என்று அதற்கும் அவனையே குறை சொன்னோம்.

25 ஆண்டுகள் ஓடின. 2023 மே மாதத்தில், எங்களில் ஒருவர் இல்லத் திருமணத்துக்காக நால்வரும் ஊரில் கூடினோம். தலையில் நரை; பேச்சில் இரத்த அழுத்தமும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும். அவன் திருப்பூரிலிருந்து திரும்பிவந்து, பழைய தெருவிலேயே சிறிய தையற்கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். கூச்சத்தோடுதான் போனோம். எங்களைக் கண்டதும் மிதித்துக்கொண்டிருந்த தையல் எந்திரத்தை நிறுத்தி எழுந்து, "வாங்கல!" என்றான். 25 ஆண்டுகளின் இடைவெளி அந்த ஒரு சொல்லில் பாதி குறைந்துபோயிற்று. கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே அவனுடைய தாயார் கட்டிலில் அமர்ந்திருந்தார். எழுபதைக் கடந்தவர்; பார்வை மங்கியிருந்தாலும் குரலைக் கொண்டு எங்கள் நால்வரையும் இன்னார் இன்னார் மகன் என்று சரியாகச் சொன்னார்.

அந்த அம்மா அக்காலத்தில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, இரவு பகல் பாராமல் பீடி சுற்றியவர். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அந்தச் சுளகின் தயவில்தான் எரிந்தது. அவர் கணவர் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே நோயில் விழுந்து வேலையை விட்டிருந்தார் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நாங்கள் தினமும் கடந்துபோன வாசல் அது.

காப்பி கொடுத்துவிட்டு அம்மா கேட்டார்: "ஏய்யா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். அன்னைக்குப் பாபநாசத்துக்கு நான் கட்டிக்குடுத்த புளிச்சோத்த அஞ்சு பேருக்கும் பங்கு வச்சானா இவன்? நீங்கதான் அவனுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போறீங்கன்னு சொன்னான். துட்டாக் குடுக்க எங்ககிட்ட வழியில்ல. அந்தப் பிள்ளைகளுக்குச் சோறாவது குடுத்துவிடுவோம்னு ராத்திரியே புளி கரைச்சி வச்சேன். நீங்கதான் அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லியே."

அறையில் ஒலி அடங்கிற்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களில் ஒருவர் சமாளித்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சும்மா. எல்லாரும் சாப்பிட்டோம்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. எங்கள் முகங்கள் கறுத்தன. செய்யாத உதவிக்கு நன்றி பெற்றோம். உண்ணாத சோற்றுக்குச் சுவை சொன்னோம்.

மாலையில் ஆற்றுப்பக்கம் நடக்கையில் அவனாகவே சொன்னான். பணமில்லை என்று எங்களிடம் சொல்ல அவனுக்கு நாணம். நண்பர்கள் தன்னை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தாயிடம் சொல்ல அதைவிட நாணம். அதனால் எங்களிடம் பாட்டி வீடு என்றும், தாயிடம் பாபநாசம் என்றும் சொல்லிவிட்டு, விடியுமுன் ஐந்து பொட்டலங்களோடு வீட்டைவிட்டு இறங்கியிருக்கிறான். பகல் முழுவதும் குறுக்குத்துறையில், தாமிரபரணிக் கரையின் கல்மண்டபத்தில் உட்கார்ந்திருந்தான். ஒன்றை அவன் உண்டான். நான்கை அங்கே படுத்துக் கிடந்தவர்களுக்குக் கொடுத்தான். அருவியில் குளித்ததாகத் தாய் நம்பவேண்டுமே என்று ஆற்றில் மூழ்கி, ஈரத்துணியோடு இருட்டிய பின் வீடு திரும்பினான்.

"எங்களைப் பத்தி ஏம்ல அம்மாகிட்ட அப்படி நல்லதாச் சொன்ன?" என்று கேட்டோம்.

"கேட்டிருந்தா நீங்க எடுத்திருப்பீங்கதானல?" என்றான்.

அந்தக் கேள்வி எங்களை இன்றுவரை விட்டபாடில்லை. எடுத்திருப்போம் என்றே நம்புகிறோம். நாங்கள் கொடியவர்கள் அல்லர், பார்க்கத் தவறியவர்கள். நண்பனின் பல்லுக்கு இனிப்பு ஆகாது என்றும், அவன் மனத்துக்குக் கர்வம் அதிகம் என்றும் எங்களுக்கு நாங்களே விளக்கம் எழுதிக்கொண்டோம். அவனோ எங்களைப்பற்றித் தன் வீட்டில் வேறு விளக்கம் எழுதி வைத்திருந்தான். நாங்கள் அவனுக்குக் கொடுத்தது பழி. அவன் எங்களுக்குக் கொடுத்தது நற்பெயர். 25 ஆண்டுகள் அவன் வீட்டில் நாங்கள் நல்லவர்களாகவே வாழ்ந்திருக்கிறோம்.

மறுநாள் காலை, திருமண வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஐவரும் ஒரே காரில் பாபநாசம் புறப்பட்டோம். 'பழைய நினைவுக்காக இன்னொரு முறை போகிறோம்' என்று அம்மாவிடம் சொன்னோம். அவர் மருமகளை அடுப்படியில் நிறுத்தி, உப்பும் புளியும் தாம் சொன்ன அளவில் போடச்செய்து, வாழையிலையில் ஐந்து பொட்டலங்கள் கட்டவைத்தார். கோயிலுக்கு முன்னுள்ள படித்துறையில், கால்களை மீன்கள் மொய்க்க, பொட்டலங்களைப் பிரித்தோம். நல்லெண்ணெய் மணத்தோடு புளிச்சோறு. ஓரத்தில் பருப்புத் துவையல். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சார்ஜாவைப் பற்றிப் பேச்செடுத்தார். கம்பிக் கதவின் இடுக்கில் அவன் ஓட்டக் கணக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. வெளியே நின்றவன் எவ்வளவு தெளிவாகச் சொன்னான்! அவனை உள்ளே வரச்சொல்ல எங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் தேநீர் குடித்தோம். ஐந்து பேருக்கும் அவனே காசு கொடுத்தான். பையை நோக்கிப் போன எங்கள் கைகளை அடக்கிக்கொண்டோம். கொடுப்பதற்கு மட்டுமன்றி, பெற்றுக்கொள்வதற்கும் நட்பில் பணிவு வேண்டியிருக்கிறது.

ஆண்டுதோறும் கோடை வருகிறது. நம் பிள்ளைகளும் நண்பர்களோடு பயணம் போகிறார்கள், படம் பார்க்கிறார்கள், உணவகத்தில் கணக்கைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்திலும் 'எனக்குப் பசியில்லை' என்று சொல்கிற ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அதன் சொல்லை நம்பிவிடாமல் முகத்தைப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டும். நாங்கள் காலம் கடந்து கற்றது அது.

அன்று இருட்டிய பின் வீடு சேர்ந்தோம். அம்மா கட்டிலில் விழித்தபடியே காத்திருந்தார். "ஏய்யா, அஞ்சு பேருக்கும் பங்கு வச்சானா?" என்று மீண்டும் கேட்டார்.

"வச்சாம்மா" என்றோம் நால்வரும்.