முதுகு

எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ரூம் இருந்தது. சேரிப் பிள்ளைகளான நாங்கள் அதைப் பெருக்குவதற்குப் போவோம். உறை போட்டு மூடிய பெட்டியைத் துடைப்போம். நாங்க தொட்டா ரிப்பேராம். ஊர்ப் பிள்ளைங்க தொட்டா படிப்பாம்.

எம்.ஏ. தமிழ் முடித்து இயக்க வேலைக்கு வந்த பிறகுதான் விசைப்பலகையில் கை வைத்தேன். வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போய், பெண்கள் சொல்லச் சொல்ல எழுதி வந்து, பாமினி எழுத்துருவில் அடித்து வைப்போம். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் எங்களுக்குப் பாமினிதான். அது ஆங்கில எழுத்துக்கு மேல் போட்ட தமிழ் வேஷம். எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். எழுத்துருவை ஏற்றினால் படிக்கலாம், தமிழில் தேட முடியாது. மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் உண்டு. பேரும் ஊரும் உள்ள வாக்குமூலத்தை எவனோ ஒருத்தன் பக்கத்தில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகள்தான் வழி சொன்னாள். "விஎஸ் கோட் போட்டுக்க சித்தி. காசு கெடையாது." புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக 2015-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எடிட்டர் அது. திறந்தால் ஒரே கறுப்பு. பயந்துபோனேன்.

"ஒரிஜினல்ல கை வைக்காத. நகல் எடு. ஃபைலத் தொறக்காத, ஃபோல்டரத் தொற. மேல வெள்ளப் புள்ளி நின்னா இன்னும் சேவ் ஆவலன்னு அர்த்தம்." முதல் பாடம் அவ்வளவுதான்.

அவள் தூங்கிய பிறகு நானே தேடி மாற்றத் தொடங்கினேன். கே வந்தால் 'ம', ஜே வந்தால் 'த', எஃப் வந்தால் 'க'. எல்லா எழுத்தும் முடித்துப் படித்தால், "மதகல அடிச்சான்" என்றிருந்தது. அந்த அம்மா சொன்னது 'முதுகுல'. பாமினியில் சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. எடிட்டர் தானாக இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். அடிபட்ட முதுகை நானே அழித்துவிட்டேன் என்று கை நடுங்கியது.

காலையில் அவள் சிரித்தாள். கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்த அழுத்த எல்லாம் பின்னால் போனது. தேடும் கட்டத்துக்குள் பெரிய ஏ, சின்ன ஏ போட்ட பொத்தானை அமுக்கச் சொன்னாள். இனி இரண்டும் வேறு வேறு. அடுத்தது கொம்பு. பாமினியில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்துதான் முதலில். அப்படியே மாற்றினால் 'கொளுத்துனாங்க' உடைந்துபோகும். புள்ளியும் நட்சத்திரமும் உள்ள பொத்தானை அமுக்கி, கொம்பையும் அடுத்த எழுத்தையும் ஒரே வரியில் இடம் மாற்றிக் காட்டினாள். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று ஃபோல்டர் முழுக்க 'முதுகு' என்று தேடினேன். இடப்பக்கம் வரிசையாக வந்தது. வேறு வேறு ஊர், வேறு வேறு வருஷம், அதே முதுகு.

தோழர்களே, உங்கள் ஆபீஸ் அலமாரியிலும் பழைய சிடிகள் கிடக்கும். நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.