செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஓர் ஓவியக் காலை

புரட்டாசித் திங்களின் கடைசி நாள்களில் தொண்டை நாட்டு வானம் ஓவியனுக்கு இணக்கமாகிவிடுகிறது. கண்கூசும் வெயில் தணிந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்காதிருக்கும் அந்த இடைவெளியில் மேகங்கள் திரண்ட உருவத்தோடு நிற்கின்றன. அத்தகைய ஒரு சனிக்கிழமைக் காலையில் சிறியோரும் பெரியோருமாகப் பன்னிருவர், வரைபலகையும் நீர்வண்ணப் பெட்டியும் ஏந்திச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குச் சென்றோம்.

கூடியமர்ந்து, நேரில் காண்பதை வரையும் பழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் காபிரியேல் காம்பனாரியோ 2007-இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' குழுவினர், இடத்திலிருந்தே வரைய வேண்டும் என்பதை முதல் நெறியாகக் கொண்டுள்ளனர். நமக்கு இது புதிதன்று. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைந்த சில்பி, கோயில் கோயிலாகச் சென்று சிற்பங்களின் முன் அமர்ந்தன்றோ வரைந்தார்! கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வீட்டில் வரையலாமே என்றார் நம்முடன் வந்த இளைஞர் ஒருவர். நாம் இசையவில்லை. படம் எடுக்க ஒரு நொடி போதும்; ஒரு நொடியில் ஏரி தன்னைக் காட்டாது.

நீர் என்றதும் நீல வண்ணத்தைக் குழைத்த சிறுவன் ஏரியை நிமிர்ந்து பார்த்துத் திகைத்தான். அருகில் பாசிப்பச்சை, நடுவில் சாம்பல், தொலைவில் வெள்ளி. அந்த வெள்ளியைத் தீட்ட வண்ணம் ஏது? தாளை அவ்விடத்தில் வெறுமையாக விட்டுவிட வேண்டும். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பென்சிலால் அளந்து பார்த்தபோது, மலைபோல் தோன்றிய மேகத்தைவிட அக்கரையின் மரவரிசை எத்துணைச் சிறியது என்பதும் அவனுக்குப் புலப்பட்டது. பெங்களூர் நெடுஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒலியெழுப்பியபடி இருந்தன. சிறிது நேரத்தில் அவ்வொலியும் நம் செவிக்கு எட்டாமற் போயிற்று.

24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய இவ்வேரி சென்னைக்குக் குடிநீர் ஊட்டுவது. ஆயினும் நம் குழுவிலிருந்த ஒரு தாய்க்கு இதன் பெயரே அச்சம். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு, இங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. வழிநெடுக மற்ற ஏரிகளின் உபரிநீரும் மழைவெள்ளமும் சேர, அடையாறு கரைபுரண்டது. ஆற்றோரம் குடியிருந்த அவர் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் தம் திருமணப் படத்தையும் அவ்விரவில் இழந்தார்.

அவர் நீர்ப்பரப்பை வரையவில்லை. 19 கண் மதகு தெரியுமிடமாகத் தேடி அமர்ந்து, ஒவ்வொரு கண்ணாக எண்ணி எண்ணி வரைந்தார்.

"எதற்கு அத்தை இத்தனை கோடு?" என்றான் சிறுவன்.

"ஒன்றுகூட விடக்கூடாது, தம்பி. இத்தனை நாளும் இதை இருட்டாகத்தான் நினைத்திருந்தேன்."

பதினாறாம் கண்ணை அவர் முடித்தபோது தூறல் விழுந்தது. ஈர வண்ணங்களில் புள்ளிகள் தெறிக்க, எல்லோரும் தாள்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினோம். மீதி மூன்றுக்காக அடுத்த சனிக்கிழமையும் வரவேண்டும் என்று பேருந்தில் ஏறுமுன் அவர் நம்மிடம் சொல்லிவைத்தார்.